வர்க்கி

லவ்டேல் பக்கத்து ஆள் தாயைக் காட்ட மறுத்துவிட்டான்.
"தாய் எதுக்கு மேடம்? வீட்டுக்கு வரப்போறது குட்டிதானே?"
அட்டைப்பெட்டிக்குள் நாலு உருண்டை,
பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.
ஜெபக்குமார் பர்ஸை எடுத்துவிட்டார்.
நான் காருக்கு நடந்துவிட்டேன்.
குன்னூர் வரும்வரை இருவரும் பேசவில்லை.

அடுத்தது கேத்தியில்,
கேரட் கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு வீடு.
தகப்பன் பூடில். தாய் காக்கர்.
அவள் எழுந்து வந்து என் சேலை முனையை மோந்தாள்,
இவ்வளவுதானா என்பதுபோலத்
திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.
அடி வாங்காத நாயின் நடை அது.

வீசிங் உள்ள ஷெரினை
அந்தத் தாயின் கழுத்தில் முகம் புதைத்து
ஒரு மணி நேரம் உட்கார வைத்தோம்.
இன்ஹேலர் என் கைக்குள், மூடி கழற்றி.
ஒன்றும் ஆகவில்லை.
அடுத்த ஞாயிறும் ஒன்றும் ஆகவில்லை.
மூன்றாம் ஞாயிறு மூன்று தும்மல்.
"தோட்டத்துல மருந்தடிச்சிருப்பாங்க" என்றார் இவர்.
இருக்கலாம்.

டைட்டஸ் ஒரு கரண்டியைச் சிமெண்ட் தரையில் போட்டான்,
வேண்டுமென்றேதான்.
ஒரு குட்டி கட்டிலடிக்குள் ஓடி வெளியே வரவே இல்லை.
ஒன்று குரைக்கத் தொடங்கி, நிறுத்தவில்லை.
பழுப்புக் குட்டி கதவுவரை ஓடிப்போய்
கரண்டி இப்போது என்ன செய்கிறது என்று
பார்க்கத் திரும்பி வந்தது.
வரும் வழியில் பேக்கரி வாசலில் வண்டி நின்றது.
அங்கே அதற்கு வர்க்கி என்று பெயராயிற்று,
அது அவன் ஆனான்.

முடி கொட்டாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.
பொய்யில்லை.
கொட்டுவது வெளியே வராது, அவ்வளவுதான்.
உள்ளேயே தங்கிப் பக்கத்து முடியைப் பிடித்துக்கொள்ளும்.
மேலே தடவினால் பஞ்சு.
விரலை வேர்வரை விட்டால்
அக்குளில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று,
ஒட்டுப்புல்லும் ஈரமும் சேர்ந்து திரண்ட
புளியங்கொட்டைகள்.

ஜூலையில் இவர் அண்ணன் கோவையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.
மழை. துணி காயாத வீடு.
அவர் சீவியிருப்பார் என்று நான்,
நான் சீவியிருப்பேன் என்று அவர்.
டைட்டஸ் மேலாகச் சீவி, போட்டோ எடுத்து வைத்திருந்தான்,
பார்க்க அழகாகத்தான் இருந்தான் வர்க்கி.

எல்லாம் முடிந்து திரும்பியபின்
ஊட்டியில் நாசரிடம் கொண்டுபோனேன்.
"சீப்பே இறங்கலக்கா. ஒட்ட எடுத்துரவா?"
ஒரே துண்டாக வந்தது, கழற்றிய ஸ்வெட்டர்போல.
அடியில் தோல் சிவந்து,
அட்டை கடித்த இடம் புண்ணாகி.
இத்தனை நாளும்
இதோடுதான் வாலாட்டியிருக்கிறான்.
ஷெரின் சிரித்தாள். பிறகு பாத்ரூமில் போய் அழுதாள்.
டைட்டஸின் பழைய யூனிஃபார்ம் ஸ்வெட்டரில்
கையை வெட்டி மாட்டிவிட்டோம்.

இப்போது ஆறு மணிக்குக் கதவு சாத்திவிடுகிறோம்.
மேல்வீட்டு டேனியைச் சிறுத்தை கொண்டுபோனபோது
சங்கிலி மட்டும் மிச்சமிருந்தது.
டூரிஸ்ட் நீட்டும் சாக்லேட்டைத் தட்டிவிட
ஷெரினுக்குக் கூச்சமில்லை.
காதை மடித்து மோந்து பார்ப்பேன்,
புளித்த மாவு வாசனை வந்தால் டாக்டர்.

எட்டு மணிக்கு மேல் பேப்பர் விரித்துச் சீவுகிறோம்,
அவர் முகவாயைப் பிடித்துக்கொள்வார்,
முடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து நான்.
நேற்று பாதியில் கரண்ட் போனது.
யாரும் மெழுகுவத்தி தேடவில்லை.
இருட்டில் கொஞ்ச நேரம் கழித்து,
"கடைசி நாள்ல அண்ணன் என்னைக் கூப்பிட்டான்,
நான் கேன்டீன்ல இருந்தேன்" என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.
"இங்க ஒண்ணு இருக்கு பாரு" என்று
என் விரலைப் பிடித்து வைத்தார்.
வர்க்கி காலை இழுத்துக்கொண்டான்.
வேரிலிருந்து இழுத்தால் கத்துவான்.
நுனியிலிருந்து ஆரம்பித்தேன்.